செவ்வாய்க்கிழமை என் முறை

1

இங்கே எதற்கும் ஒரு படிவம் உண்டு. குழந்தை பிறந்தால் படிவம், வீடு மாறினால் படிவம், நாய் வளர்த்தால் நாய்க்கும் ஒரு படிவம். ஹாலந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் கையெழுத்துப் போட்ட தாள்களை வரிசையாக வைத்தால் ராசிபுரத்தில் தொடங்கி சேலத்தில்தான் முடியும். அதனால் போன ஆகஸ்டில் எங்கள் பயிற்சிக் கல்லூரியில் நான்கு பக்கத்துக்கு ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தபோது நான் மிரளவில்லை.

அங்கே நான் லேத் பட்டறையில் பயிற்றுநர். ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பழைய கட்டடத்தை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே மாடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெரும் புல்வெளியில் இந்த வருடம் புதுக் கல்லூரி கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் என் பட்டறையைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அவ்வளவு பெரிய இடத்தில் கார் நிறுத்த மட்டும் இடம் போதவில்லை. போதாக்குறைக்குப் பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேண்டும், புகையால் காடெல்லாம் கருகுகிறது என்று தினமும் டிவியில் சொல்கிறார்கள். ஆகவே எல்லோரையும் சைக்கிளுக்கு மாற்ற ஒரு குழு போட்டார்கள். குழு போட்டால் படிவம் வராமல் இருக்குமா?

எதில் வருகிறீர்கள், எவ்வளவு தூரம், என்ன செய்து கொடுத்தால் காரை வீட்டில் விட்டுவிட்டு வருவீர்கள். இப்படிப் போய், கடைசிக் கேள்வி இது: சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் முதலாமாண்டுப் பிள்ளைகள் கூட்டமாகச் சைக்கிளில் வரப்போகிறார்கள், வாரத்தில் ஒருநாள் முறை வைத்து அவர்களை அழைத்துவர உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்று போட்டேன். படிவத்தில் இல்லை என்று எழுதும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் பெயர், வழக்கம்போலப் பின்பாதியை விழுங்கி. அதைப் படித்ததும் அங்கேயே ஓர் இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்யும் ஹெங்க் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டான். காலையில் சாப்பிடவில்லை என்று சொன்னேன். பொய். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் பொய் சரளமாக வரும். எவ்வளவு சரளமாக என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். மஞ்சளும் சோளமும் விளையும் பூமி. எழுபதுகளின் நடுவில் என் தங்கை தங்கமணி ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தாள். எங்கள் வகையறாவில் பத்தாவதைத் தாண்டிய முதல் பெண் அவள்தான். நான் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வருடம் பயிற்சிக் கல்லூரி ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் வகுப்பு. இரண்டாம் வருடம் யாரோ ஒரு புண்ணியவான் கரட்டு அடிவாரத்தில் நாற்பது ஏக்கர் மேட்டுக்காட்டைத் தானமாகக் கொடுக்க, கல்லூரி அங்கே போய்விட்டது. நல்ல கட்டடம், பெரிய மைதானம். மெயின் ரோட்டிலிருந்து மூன்று மைல் மண் தடத்தில் உள்ளே போக வேண்டும். விடுதி இன்னும் கட்டவில்லை. மெயின் ரோட்டில் போகும் சேலம் பஸ்ஸோ எங்கள் ஊர்த் தடம் பிரியும் பிரிவில் நிற்காது. டவுன் பஸ் விடச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்து மூன்று ஊர்களிலிருந்து ஒன்பது பெண்கள் படித்தார்கள். ஒன்பது பேரும் நின்றுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்போதுதான் பிரின்சிபால் அம்மா எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், கனத்த உடம்பு, தஞ்சாவூர்ப் பக்கம். ஜீப்பில் வரவில்லை. கேரியரில் குடையைக் கட்டிக்கொண்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் சனம் வேடிக்கை பார்த்தது. அவர் இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பஸ் வரட்டும்னு காத்திருந்தீங்கன்னா உங்க பொண்ணுங்க பேரன் பேத்தி எடுத்துடுவாங்க. சைக்கிள் வாங்கிக் கொடுங்க, நான் ஓட்டலையா?" என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வயசுப் பெண் சைக்கிள் ஏறுவது என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய படிப்பு படித்த அம்மாள் வேர்த்து விறுவிறுக்க முன்னால் வந்து நிற்கும்போது யார் என்ன சொல்வது? தங்கமணிக்குக் களத்து மேட்டில் சைக்கிள் ஓட்டப் பழக்கிவிட்டது நான்தான். மூன்று தரம் விழுந்தாள். நான்காவது தரம் தாவணி முந்தி செயினில் மாட்டிக்கொண்டது. வெட்கத்திலும் கோபத்திலும், "சிரிக்காதீங்கண்ணா, நீ விழுந்ததெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்று ஒரே வாக்கியத்தில் மரியாதை கொடுத்துப் பிடுங்கியும் கொண்டாள். ஒரு வாரத்தில் என்னைவிட வேகமாக ஓட்டினாள்.

3

துணைக்கு ஆண்பிள்ளை இல்லாமல் பெண்களைப் போக வர ஆறு மைல் அனுப்ப முடியாது என்றார்கள் அப்பன்மார்கள். வீட்டுக்கு ஒருநாள் முறை வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஒன்பது வீடு, ஒன்பது நாள். முறைக்காரன் விடிந்ததும் போய்ப் பிரிவில் புளியமரத்தடியில் நிற்க வேண்டும். பெண்கள் வந்து சேர்ந்ததும் கல்லூரி வாசல்வரை கூடவே சைக்கிளில் போய் விட்டு, சாயங்காலம் அதேபோல அழைத்துவர வேண்டும்.

"ஆளு வராம ஏமாத்துனா என்னுங்க பண்றது?" என்று ஒருத்தர் கேட்டார்.

என் அப்பாதான் பதில் சொன்னார். "கெணத்து முறையாட்டமே வெச்சுக்கலாமுங்க. அதுல இல்லாத நாயமா?"

கூட்டுக் கிணற்றில் தண்ணீர் பாய்ச்சுவது எங்கள் பக்கம் முறைப்படிதான். நம் நாளில் முடியாது என்றால் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் சொல்லி அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் இருந்து, நாளன்றைக்கும் கிணற்றடிக்கு வரவில்லையென்றால் அந்த முறை போனது போனதுதான். கேட்கக் கூடாது, கெஞ்சக் கூடாது. என் பெரியப்பா மகன் சின்னச்சாமி அண்ணன் ஒருதரம் காளைக்கு நோவு என்று வராமல் போய்விட, அப்பா அவருக்குத் தண்ணீர் விடவில்லை. அவருடைய மஞ்சள் காடு கண்ணெதிரே வாடியது. அண்ணனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா அதை நினைத்துப் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள். ஆனாலும் விடவில்லை.

சைக்கிள் முறைக்கும் அதே சட்டம். சொல்லாமல் முறை தவறுகிற வீட்டுப் பெண் வரிசையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு நாலைந்து மாதம் அந்த வரிசை போனதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். காடு கழனியில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். புகையைக் குறைக்கவோ பெட்ரோலை மிச்சம் பிடிக்கவோ எங்கள் ஊரில் யாரும் சைக்கிள் ஏறவில்லை. வாத்தியாராக வேண்டும் என்பதற்காக ஏறினார்கள். என் தங்கை எப்போதும் முதல் ஆளாகப் போவாள்.

4

இங்கே செவ்வாய்க்கிழமை காலையில் தேவாலயத்துச் சந்தியில் பிள்ளைகள் ஏழரைக்குக் கூட வேண்டும். நான் ஆறரைக்கே போய் நின்றுவிடுகிறேன். இருட்டும் குளிரும் கலந்த நேரம். மழை என்றால் குடை பிடிக்கவும் காற்று விடாது. ஒரு செவ்வாய் தேர்வு விடுமுறை என்பதை மறந்து நான் ஒருவனே ஒன்பது மணிவரை நின்றிருக்கிறேன். அலுவலகத்து ஆன்கே அம்மாள் இதைக் கேள்விப்பட்டு, "பட்டியலை இவ்வளவு பயபக்தியாக எடுத்துக்கொள்ளும் ஆளை நான் பார்த்ததில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு என்னிடம் சிரிக்க விஷயம் நிறைய உண்டு. இந்த மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. ஆனால் நீங்களைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்கள். எனக்கோ வாய் கொங்கு வாய். பதினாறு வயதுப் பொடியனையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவேன். லேத்தில் கையை விடப்போனவனிடம் ஒருநாள், "தாங்கள் தயவுசெய்து கையை எடுங்கள்" என்று மரியாதையாகக் கத்தினேன். அது கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது.

என் மகள் மாலாவுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதிலேயே சைக்கிள் ஓட்டினாள். யாரும் அவளுக்காகக் கோயிலில் கூடிப் பேசவில்லை. அவளுடைய தமிழ் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. நான் பேசினால் புரியும், பதில் டச்சில் வரும். பட்டியலில் என் பெயர் வந்த வாரம், சுவரில் இருக்கும் தங்கமணியின் கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டே என்ன தோன்றியதோ, தமிழில் கேட்டாள்: "அப்பா, அத்தை ஏன் சைக்கிள் இல்ல?"

ஓட்டத் தெரியும் என்றேன்.

"அப்போ ஏன் இல்ல?"

குழந்தைக்கு அதற்குமேல் தமிழ் வரவில்லை. எனக்கும்தான். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

5

ஒரு டச்சுக் கம்பெனி சேலத்தில் ஆள் எடுப்பதாகத் தெரிந்து நான் எழுதிப்போட்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. ஒரே மகன், காட்டைப் பார்த்துக்கொண்டு ஊரில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அதனால் ராசிபுரத்தில் ஒரு சிநேகிதன் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அவன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது ஒருநாள் சாயங்காலம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நேர்முகம். மறுநாள் எங்கள் வீட்டு முறை.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. யாரிடமாவது சொல்லி மாற்றியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தே பொழுதைச் சாயவிட்டேன். அப்பாவிடம் சொன்னால் முறைக்கு அவரே போயிருப்பார், ஆனால் என்னைச் சேலத்துக்கு விட்டிருக்க மாட்டார். ஒருநாள் போகாவிட்டால் என்ன, பெண்கள் தாங்களாகவே போய்ச் சேருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் முறைக்குப் போகிறவன் மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிரிவுக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் நாமகிரிப்பேட்டைக்கு மிதித்தேன். டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டுச் சேலம் பஸ்ஸில் ஏறினேன். இடது பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் அந்தப் பிரிவைத் தாண்டித்தான் போகும். புளியமரம் ரோட்டுக்கு இடது பக்கம். பஸ் அதைக் கடந்தபோது நான் வலது பக்கம் மஞ்சள் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேர்முகம் நன்றாக நடந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

6

அன்றைக்குப் புளியமரத்தடியில் ஒன்பது பேரும் அரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். பிறகு தங்கமணி மற்றவர்களிடம், "நீங்க போங்க, எங்கண்ணன் வந்துரும், நாங்க பின்னாடியே வந்தர்றோம்" என்று அனுப்பிவிட்டாள். எட்டுப் பேர் துணையில்லாமல் போனதைச் சந்தைக்குப் போன ஒருவர் பார்த்துவிட்டார். தங்கமணி பகல்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

மத்தியானம் நான் வந்தபோது அப்பா வாசலில் நின்றார்.

"எங்கடா போனே?"

"நாமகிரிப்பேட்டைக்குக் காத்தடிக்கப் போனேனுங்கப்பா. டயரு வெடிச்சுப்போச்சு. கடை தொறந்து மாத்திட்டு வர்றதுக்குள்ள பொழுது ஏறிப்போச்சு."

தங்கமணி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சாயங்காலம் அப்பா பிள்ளையார் கோயிலுக்குப் போனார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், "எங்க முறை தவறிப்போச்சுங்க. நாளையிலிருந்து எம்புள்ள வராது" என்றார். சின்னச்சாமி அண்ணன்தான் முதலில் எழுந்தார். "அட உடுங்க சித்தப்பா. டயரு வெடிச்சதுக்கு ஆரு என்ன பண்றது?" என்றார். தண்ணீர் கிடைக்காமல் காடு வாடிய அதே சின்னச்சாமி அண்ணன். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "உன்ற காளைக்கு நோவு வந்ததுக்கும் நீ என்ன சாமி பண்ணுவே?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

மூன்றாம் நாள் பிரின்சிபால் அம்மா அதே சைக்கிளில் வந்தார். "ஐயா, இன்னும் அஞ்சே மாசம். முடிச்சா டீச்சர். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்பா கைகூப்பினார். "நீங்க தெய்வமாட்டங்க. ஆனா கெணத்துல ஒரு நாயம், ரோட்டுல ஒரு நாயமுங்களா?" என்றார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டயர் வெடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அப்பா என்னைக் கொன்றுபோட்டிருப்பார், தங்கை மட்டும் எப்படியாவது படித்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். என் குற்றத்துக்கு அவளைத் தண்டிக்க அப்பாவுக்குக் கூட மனசு வந்திருக்காது.

சில மாதங்களில் நான் விமானம் ஏறினேன். தங்கமணியைக் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் கல்யாணம் முடிந்து இரண்டே மாதத்தில் டவுன் பஸ் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டதாம். மற்ற எட்டுப் பேரில் ஆறு பேர் இன்று டீச்சர்கள்.

அப்பா போய் நான்கு வருடம். தந்தி வந்து நான் டிக்கெட் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிவரை டயர் வெடித்ததாகவே நம்பினார்.

7

பட்டியலில் பெயர் வந்து, மாலா அந்தக் கேள்வியைக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கமணிக்கு எழுதினேன். பதினோரு வருடத்தில் நான் எழுதிய முதல் உண்மையான கடிதம். சேலம் போனதை, டயர் பொய்யை, எல்லாவற்றையும் எழுதினேன். உன் வாழ்க்கையைத் தின்றுவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் நெஞ்சில் பாரம் குறைந்ததாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் பாதி வீட்டு நடப்பு. தறிக்குக் கரண்ட் சரியாக வருவதில்லை, நூல் சுற்றிச் சுற்றிக் கை மரத்துப்போகிறது, மூத்த பெண் நன்றாகப் படிக்கிறாள். பிறகு எழுதியிருந்தாள். அவள் பேசுவது போலவே எழுதுவாள். அப்படியே தருகிறேன்.

"அண்ணா, நீ சேலம் போனது எனக்கு அன்னைக்கே தெரியும். அதுக்கு முந்தின நாளு ராத்திரி உன்ற சட்டையத் தொவைக்க எடுத்து வெச்சப்ப அந்த லெட்டரு இருந்துச்சு. படிச்சுட்டுத் திருப்பி வெச்சுட்டேன். நீயே சொல்லுவேன்னு பாத்தேன். காலைல மத்தவங்க வந்து சேர்றதுக்கு முன்னாலயே பஸ்ஸு போச்சு, அதுல நீ உக்காந்திருந்ததையும் பாத்தேன். ஊட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருந்தா கா மணி நேரத்துல அப்பாவே வந்து முறைக்கு நின்னிருப்பாரு. ஆனா நீ எங்கன்னு கேப்பாரு. பொறகு உன்னைய எங்கயும் உட்டிருக்க மாட்டாரு. ரெண்டுல ஒன்னுதான் நடக்கும்னு தெரிஞ்சுது. நின்னுட்டேன். நீ நல்லா இருந்தாச் சரி. அழுவாதே. மனசுல ஒன்னே ஒன்னுதான் இருக்குது. பஸ்ஸு பக்கத்துல வந்தப்ப, பயப்படாம போய்ட்டு வான்னு சொல்றாப்பல கையக் காட்டுனேன். நீ அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தே. என்னைய நீ பாக்கவே இல்ல."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளை செவ்வாய்க்கிழமை, என் முறை. ஆறரைக்குப் போக வேண்டும். அவளுக்குப் பதில் எழுத மூன்று தரம் உட்கார்ந்துவிட்டேன், முதல் வரியைத் தாண்டவில்லை. அந்த முதல் வரியை அவளுக்கு அனுப்பத் தைரியம் இல்லாமல்தான், முகம் தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன்.

தங்கமணி, நான் பார்த்தேன். நீ கையைத் தூக்கினதைப் பார்த்த பிறகுதான் முகத்தைத் திருப்பினேன்.